நான்காம் கிழமையில் வெட்டிய மாக்கட்டு

சென்ற ஆண்டு சைக்கிளிலிருந்து விழுந்து, மேடைப் பேச்சாளனான என் வலது முன்கை எலும்பு முறிந்தது. எலும்பு முறிவுகளையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட மட்டக்களப்புச் சத்திரசிகிச்சை டாக்குத்தர் ஒருவர் மாக்கட்டுப் போட்டு, "ஆறு கிழமைக்குக் கழட்டப்படாது, தம்பி. எலும்பு உங்கட சொற்பொழிவுக்கு மசியாது" என்றார்.

இன்னும் இரண்டு வாரம் இருக்க, நான்காம் கிழமை காத்தான்குடியில் விவாதம். உயராத கையோடு மேடையேறுவதா என்று வீறாப்புக் கொண்டு, கட்டை நானே வெட்டியெறிந்தேன். முடிவுரையில் மேசைமீது ஓங்கிக் குத்தினேன். ஒட்டத் தொடங்கிய எலும்பு மீண்டும் முறிந்தது. எதிரணித் தலைவர் தம் சால்வையால் என் கையைத் தாங்கிக் கட்டி, "வெற்றி தோல்விய மறுகா பாப்பம், முதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று அழைத்துச் சென்றார்.

டாக்குத்தர் சத்திரசிகிச்சை செய்து எலும்பைப் பொருத்தினார். கை தப்பியது, ஆயினும் உள்ளங்கை இனி முழுதாக மேல்நோக்கித் திரும்பாது. என் எக்ஸ்ரே படங்களைப் பெயர் குறிப்பிடாமல் தம் ஆராய்ச்சிக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று அவர் கேட்டபோது, "பெயரோடயே போடுங்க, டாக்குத்தர். பிழை என்னுடையது" என்றேன்.

"இனி உனக்கு மேடை எதுக்கு?" என்று சிலர் கேட்டனர். இரண்டாம் மாக்கட்டை டாக்குத்தர் சொன்ன கடைசி நாள்வரை சுமந்தேன். அதனோடேயே மூன்று மேடைகளில் பேசினேன். இன்றும் கையசைக்காமலே பேசுகிறேன். கை உயராவிட்டால் சொல்லுக்கு வலுவில்லை என்பவர் எவராயினும் என் எதிரே வந்து நிற்கட்டும்.