கெய்ரோ சுற்றிப்பார்த்த நாள்

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய் மூன்றாவது வருடம், நான் வேலை செய்த வீட்டார் விடுமுறையைக் கழிக்கக் கெய்ரோவுக்குப் புறப்பட்டார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய இரண்டு வயது மகன் என் இடுப்பை விட்டு இறங்கமாட்டான், அதுதான் காரணம். ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்த பிரமிட்டை எங்கள் ஊரில் வேறு யார் நேரில் பார்த்திருக்கிறார்கள்? எங்கள் ஊர் மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் ஒரு மணல் துண்டு. அங்கே அம்மா இருந்தா. அம்மாவிடம் விட்டுவந்த என் நாலு வயது மகளும் இருந்தாள்.

நத்தார், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாள் காலை. பால் போத்தலை எடுக்க மேடத்தின் அறைக்குப் போனேன். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் சட்டென்று அதை அணைத்தார். கணவன் மனைவிக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவர் என்னிடம் நடந்துகொண்ட விதமே வேறு. பிரமிட்டின் முன்னால் நிற்கவைத்து என்னைப் படம் எடுத்தார். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அருங்காட்சியகத்தில் துணி சுற்றிக் கிடத்தியிருந்த பழைய அரசர்களைக் கண்டு பிள்ளை பயந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மத்தியானம் எனக்கென்று தனியாக ஒரு தட்டுச் சாப்பாடு வாங்கித் தந்தார். வழக்கமாக அவர்கள் மிச்சம் வைத்ததுதான் எனக்கு. இன்றைக்கு நல்ல மனம் வந்திருக்கிறது என்று நினைத்து அவருக்காகச் செபம்கூடச் செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

பின்னேரம் மேட்டிலிருந்த பழைய கோட்டைக்குப் போனோம். அங்குள்ள பள்ளிவாசல் முற்றத்தில், என்னைப்போலவே வேறொரு குடும்பத்தின் குழந்தையைச் சுமந்துகொண்டு ஒரு பெண் நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் பிள்ளையைத் தமிழில் அதட்டியதைக் கேட்டுத் திரும்பினாள்.

"எந்த ஊர் புள்ள நீங்க?"

"மட்டக்களப்பு. நீங்க?"

"ஏறாவூர். உங்கட ஆக்களோட கதைச்சீங்களா? எல்லாரும் சுகமா?"

"ஏன், என்ன?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யா அல்லாஹ், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லையா? காலையில கடல் ஊருக்குள்ள வந்திட்டாம். கரையோரம் ஒண்டுமே இல்லயாம்."

மேடத்திடம் ஓடினேன். அவர் பொய் சொல்லவில்லை. காலையிலேயே தெரியும் என்றார். "அப்போதே சொல்லியிருந்தால் நாள் முழுக்க அழுதிருப்பாய். பிள்ளையை யார் பார்ப்பது? ஹோட்டலுக்குப் போய்ச் சொல்லலாம் என்றிருந்தோம்."

அவருடைய பிள்ளை அப்போதும் என் தோளில்தான் தூங்கிக்கொண்டிருந்தான். வாகனம் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நாலு நாட்கள் ஊருக்குத் தொலைபேசி எடுபடவில்லை. ஐந்தாம் நாள், வாவிக்கு அந்தப் பக்கம் வவுணதீவில் கலியாணம் முடித்திருந்த அக்கா கிடைத்தா. மகளை ஒரு தோணிக்காரர் வாவித் தண்ணீரிலிருந்து உயிரோடு தூக்கியெடுத்திருந்தார். அம்மா இல்லை. "சீலையை வைச்சுத்தான் அம்மா எண்டு மட்டுக்கட்டினன்" என்று சொல்லிவிட்டு அக்கா அழுதா.

ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். ஒப்பந்தம் முடியட்டும் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து நான் வந்து இறங்கியபோது மகள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிட்டாள்.

கெய்ரோவில் நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

"காலையிலயே தெரிஞ்சிருந்தாலும் நீ அங்க இருந்து என்னடி செய்திருப்பாய்?"

"அழுதிருப்பன்" என்றேன்.

கடற்கரையில் திரும்ப வீடு கட்ட அரசாங்கம் விடவில்லை. அக்கா வீட்டில் ஒதுங்கியிருந்தோம். இரண்டு வருடத்தில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்குமான சண்டை அந்தப் பக்கமும் வந்தது. ஷெல்லுக்குப் பயந்து எல்லோரும் வாவியைக் கடந்து முகாமுக்கு ஓடினோம். அங்கே தறப்பாள் கூடாரத்துக்குள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, குவைத் மேடத்துக்குத் தொலைபேசி எடுத்து வேலை இருக்கிறதா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த வீடு அது ஒன்றுதான். வா என்றார். போனேன்.