முதல் நாள் சட்டை

போன வாரம் குமரேசனின் போனை போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது.

மட்டாஞ்சேரியில் நானும் அவனும் ஒரே ஷெட்டில் துணி துவைத்து அயர்ன் பண்ணுகிறோம். இந்தப் பக்க மேஜை எனக்கு. அந்தப் பக்க மேஜை அவனுக்கு.

என்ன செய்தான்? ஒரு புதுப்படம். ரிலீஸ் ஆன அன்றைக்கே எங்கிருந்தோ அவன் போனுக்கு வந்தது. நம்ம ஊர் ஆட்கள் குரூப்பில் தூக்கிப் போட்டான். ஹோட்டல் வேலை, கட்டட வேலை என்று எர்ணாகுளம் முழுக்க இருக்கிறவர்கள். காசு வாங்கவில்லை.

"லீவு கிடைக்காதவன் பார்க்கட்டுமே அண்ணே" என்றான்.

அது நாலு குரூப் சுற்றியது. கடைசியில் மாட்டியது இவன் நம்பர். தியேட்டரில் உட்கார்ந்து படத்தைப் பிடித்தவன்? அவன் இன்னும் கிடைக்கவில்லை.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நோட்டீஸ் கொடுத்தார்கள். திங்கட்கிழமை எர்ணாகுளம் கோர்ட்டில் ஜாமீன் எடுக்கணும். உள்ளூரில் சொந்த இடம் உள்ள ஒருத்தர் வரி ரசீதோடு வந்து கையெழுத்துப் போடணும். இல்லாவிட்டால் உள்ளே.

குமரேசனுக்கு வாடகை வீடு. எனக்கும்.

திரும்பி வரும்போது கேட்டான். "நான் அனுப்பினதால படம் குறைஞ்சா போச்சு அண்ணே? அங்க அப்படியேதானே இருக்கு?"

எனக்கு ஜோய் சேட்டன் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

ஜோய் சேட்டன் எங்கள் பழைய கஸ்டமர். தெருமுனையில் சொந்த வீடு, மூணு மாடி. போன மழைக்காலத்தில் ஒரு புது வெள்ளைச் சட்டை கொடுத்தார். இன்னும் போடாத சட்டை. ஒரு கல்யாணத்துக்குப் போடணும், துவைத்துத் தேய்த்து வை என்றார். கல்யாணத்தன்று வந்து கேட்டபோது, "இன்னும் காயலை சேட்டா" என்றான் குமரேசன். மழை. யார் சந்தேகப்படுவார்?

சாயந்தரம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு இவனும் ஒரு கல்யாணத்துக்குப் போனான். சேட்டன் போவது எந்தக் கல்யாணம் என்று கேட்டு வைக்கவில்லை...

பந்தியில் பக்கத்து நாற்காலி ஜோய் சேட்டன். பழைய நீலச் சட்டையில்.

"நல்லா காஞ்சிருக்கே" என்றார். பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் துவைத்து எடுத்துப் போனான். "பாருங்க சேட்டா. சட்டைக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கறை இல்ல."

"சட்டை இருக்கு எடா. கல்யாணம் போச்சில்லே?"

தண்டனையும் அவரே சொன்னார். ஒரு மாசம் அவர் எங்கள் ஷெட்டுக்கு வர மாட்டார். இவன்தான் மூணாவது மாடி ஏறி துணி வாங்கணும், கொடுக்கணும். அதோடு தீர்ந்தது. அவர் வேறு கடை பார்க்கவில்லை. குமரேசன் அதற்குப் பிறகு அடுத்தவர் சட்டையைப் போட்டதில்லை.

படம் தயாரித்தவருக்கும் போனது அந்த முதல் நாள்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். தப்பு தப்புதான். உங்கள் போனுக்கும் ஒன்றிரண்டு வந்திருக்கும் — பார்க்காமலா விட்டீர்கள்?

ஆனால் தண்டனைக்கு ஓர் அளவு வேண்டாமா? போன் போனதில், ஹோம்ஸ்டேக்காரர்கள் போனில் சொல்லும் துணி ஆர்டர் எல்லாம் போனது. ஜெயில் என்றால் மேஜையும் போகும். எனக்குச் சட்டம் தெரியாது. துணி தெரியும். பட்டுக்கும் ஜீன்ஸுக்கும் ஒரே சூடு வைத்தால் எது கருகும் என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அந்த மூணு மாடியை ஏறினோம். விஷயத்தை நான்தான் சொன்னேன்.

சேட்டன் குமரேசனைப் பார்த்தார். "படமும் காயலைன்னு சொல்லி எடுத்ததா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"ஞான் வந்நில்லெங்கில்?"

"நீங்க வராட்டி உள்ளதான் சேட்டா."

எழுந்து அறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. ரசீதைத் தேடுகிறார் என்று நினைத்தேன். ரசீதும் இருந்தது. இன்னொரு கையில் அந்த வெள்ளைச் சட்டை.

"நாளைக்கு கோர்ட்டுக்கு நான் போடணும். துவைச்சு, தேய்ச்சு, காலையில கொண்டு வா."

ஜாமீன் கிடைத்தது. கேஸ் இருக்கிறது. போன் இன்னும் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் பிடித்த மழை திங்கள் காலையிலும் விடவில்லை. சட்டை காய்ந்திருந்தது.