மச்சான் வாங்கிவந்த புது மாடல்

துபாயில் வேலை பார்க்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், இன்று லால்பேட்டை வந்து இறங்கினார், எனக்கான லேப்டாப்போடு.

நான் கேட்டிருந்தது இரண்டு வருடப் பழைய மாடல். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட அதுதான் தோது. வைஃபை முதல் ஸ்பீக்கர் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். மாடல் பெயரைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன்.

பெட்டியைப் பிரித்தால், போன மாதம் வெளிவந்த மாடல்!

"நீங்க சொன்ன மாடலும் கடையில இருந்துச்சு மச்சான். தங்கச்சி மாப்பிள்ளைக்குப் போயி பழசு வாங்கியாந்தா ஊர்ல என்ன பேசுவாங்க?"

மதியம் லினக்ஸ் போட்டேன். வைஃபை வரவில்லை. ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. போனை வயரில் மாட்டித்தான் இன்டர்நெட்.

"அண்ணன் வர்றாரு, மொதல்ல அந்த வயரப் புடுங்குங்க," என்றாள் மனைவி.

"எப்புடி ஓடுது மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், ராக்கெட்டு மாதிரி!"

லினக்ஸ் குழுவில் விசாரித்தேன். இந்த மாடலில் எல்லாம் சரியாக வேலை செய்ய ஒன்றிரண்டு வருடம் ஆகுமாம்.

அதற்குள் இதுவும் பழைய மாடல் ஆகிவிடும். நான் கேட்டதும் அதைத்தானே!

அதுவரைக்கும், யார் வீட்டிலாவது லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி வைஃபை சும்மா கிடக்கிறதா? மச்சான் கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் நல்லது.