வருவீர்களா என்று கேட்காத அட்டை

எங்கள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் கேட்டவர் ஹோட்டல் மேனேஜர். துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி இருந்த சின்ன ஹோட்டல் அது. மேனேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஹாலைச் சுற்றிக் காட்டிவிட்டு, "கல்யாணம் வெள்ளிக்கிழமையல்லே? அதுக்கு முந்தின வெள்ளிக்குள்ள ஆள் கணக்கு எனக்கு வேணும். சும்மா ஏகதேசமாச் சொல்லக் கூடாது," என்றார்.

நானும் என்னைக் கட்டிக்கொள்ளப்போகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவர் ஊரும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை. அங்கே கல்யாணத்துக்கு யார் வருவார்கள் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கூட்டம் கூடினால் இன்னொரு அடுப்பு எரியும், அவ்வளவுதான்.

கல்யாணத்தை ஊரில் வைத்துக்கொள்ளத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் நான் புது ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன், முதல் வருஷம் லீவு கிடையாது. அவருக்கு லீவு கிடைத்த மாதத்தில் எனக்குக் கிடைக்கவில்லை என்று அதற்கு முன்பே ஒருமுறை தள்ளிப்போட்டிருந்தோம். "அங்கயே முடிச்சிருங்க, இனியும் தள்ளாதீங்க," என்று அப்பாவே சொல்லிவிட்டார். அவருக்குக் கண் ஆப்பரேஷன் ஆகியிருந்ததால் அவரும் அம்மாவும் வர முடியாது. அதைச் சொன்னபோது அம்மா போனில் அழவில்லை. நான்தான் அழுதேன்.

என்னோடு ரூமில் இருந்த கோவாக்காரி ஒரு வழி சொன்னாள். அவளுடைய அண்ணன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் காட்டினாள். உள்ளே இங்கிலீஷில் சின்னதாக இன்னொரு அட்டை. வருகிறோம், வரவில்லை என்று இரண்டு கட்டம். எத்தனை பேர் என்று எழுத ஒரு கோடு. கடைசியில் ஒரு தேதி. டிக் போட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும். இதைவிடச் சுலபம் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ‘தங்கள் வருகையை உறுதி செய்யவும்’ என்று எழுதிப் பார்த்தேன். ஏர்போர்ட் அறிவிப்பு போல இருந்தது. ‘வருகிறீர்களா இல்லையா எனத் தெரிவிக்கவும்’ என்று மாற்றினேன். அவர் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க மாமா இத வாசிச்சார்னா, ‘இல்லையா’ங்கிற வார்த்தையோடயே நின்னுருவாரு. பெறவு நம்ம வீட்டு வாசல மிதிக்க மாட்டாரு."

"அப்ப நீங்களே எழுதுங்க."

"நான் எலெக்ட்ரிக் வேல பாக்கவன். ‘அபாயம், தொடாதே’ன்னுதான் எழுதத் தெரியும்."

கடைசியில், ‘மகிழ்ச்சியுடன் வருகிறோம்’ என்று ஒரு கட்டமும், ‘வர இயலவில்லை, ஆனாலும் வாழ்த்துகிறோம்’ என்று இன்னொரு கட்டமும் போட்டோம். அவருடைய கல்யாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க துபாய் சத்வாவுக்குப் போன அன்று, தையல் கடைக்கு இரண்டு கடை தள்ளியிருந்த பிரஸ்ஸிலேயே அச்சடிக்கக் கொடுத்தோம். அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. நான் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கொம்பையும் விரலால் காட்டி முன்னால் இழுத்துப் போடவைத்தேன். அட்டை அழகாக வந்தது. இளம் மஞ்சள் நிறம், ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டைகள் இரண்டொரு நாளில் திரும்பி வந்தன. பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் டிக்குக்குப் பக்கத்தில் பூ வரைந்திருந்தார்கள். நம் ஆட்களிடமிருந்துதான் ஒன்றும் வரவில்லை. ஷார்ஜாவில் எங்கள் ஊர்க்கார அக்கா ஒருத்தி இருந்தாள். அங்கே மாதா கோயிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவள். அட்டைக்குப் பதிலாக அவள் போன்தான் வந்தது.

"ஏம்மா, நான் ஒன் கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு கட்டத்துல டிக் போடுவேன்னு நெனச்சியா?"

"இல்லக்கா, ஹோட்டல்ல ஆள் கணக்கு கேக்காங்க."

"அப்ப ஹோட்டல்காரன எங்கிட்டப் பேசச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

அதைவிட வருத்தம், துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஓர் அட்டைகூட வராததுதான். சிமெண்ட் ஃபாக்டரி வேலைக்கு மாறி ராஸ் அல் கைமா வருவதற்கு முன், அவர் அந்த கேம்ப்பில்தான் வருஷக்கணக்காக இருந்தார். அந்த ரூம் ஆட்கள்தான் அவருக்கு இங்கே குடும்பம். அவருக்கு அம்மை போட்டபோது மாறி மாறி லீவு போட்டுப் பார்த்துக்கொண்டவர்கள். மேனேஜர் சொன்ன தேதிக்கு இன்னும் ஒரு வாரம்தான். போனில் கேட்டால், "பாப்போம்லா, பாப்போம்," என்று மழுப்பினார்கள்.

"எம்மேல என்ன கோவமோ தெரியல. நேர்ல போயே கேட்டுருவோம்," என்றார் அவர். வெள்ளிக்கிழமை மாலை, ஃபாக்டரி நண்பர் ஒருவரின் காரில் நானும் கூடப் போனேன்.

பெண்கள் கேம்ப்புக்குள் போக முடியாது. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பக்கம் நின்றோம். கம்பெனி பஸ்கள் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. அவருடைய பழைய ரூம் ஆட்கள் ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார்கள். சட்டையிலும் புருவத்திலும் சிமெண்ட் தூசி. என் முன்னால் வருவதற்குக் கூச்சப்பட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறோம் என்று உள்ளே ஓடினார்கள்.

"வெள்ளிக்கிழமையும் டூட்டியா?" என்று அவர் வாய்விட்டுக் கேட்டார். அவர் இங்கே இருந்தவரை வெள்ளிக்கிழமை லீவு.

திரும்பி வந்தவர்களில் மூத்தவர், கம்பி கட்டும் வேலை பார்க்கும் அண்ணன், டீயைக் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். பில்டிங்கைச் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று மூன்று மாதமாக வெள்ளிக்கிழமையும் வேலை. மூன்று மணிக்குத்தான் விடுவார்கள். எங்கள் விருந்தோ மதியம் பன்னிரண்டு மணிக்கு.

"அத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?" என்றார் இவர்.

"எப்படிப்பா சொல்ல? வாறோம்னு போட்டுட்டு வரலேன்னா எங்க பேருல வச்ச சோறு வீணாப் போவும். வரலேன்னு போட எவனுக்கும் கை வரல. ஒங் கல்யாணம்லா."

பக்கத்தில் நின்ற ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். "அதோட, கார்டு பாக்க நல்லா இருந்துச்சா... திருப்பிக் குடுக்கணுமேன்னு மனசே வரல. லாக்கர் கதவுல ஒட்டி வச்சிருக்கேன்."

காரில் திரும்பினோம். எனக்கு மனசு லேசாகிவிட்டது. கோபம் இல்லை, வர ஆசைதான். நாங்கள் வருவீர்களா என்று கேட்டிருந்தோம். எப்போது வர முடியும், எப்படி வருவீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. பஸ் பிடித்து, டாக்ஸி மாறி ராஸ் அல் கைமா வருவது அவர்களுக்கு எவ்வளவு தூரம் என்று நினைத்தும் பார்க்கவில்லை. "விருந்த சாயங்காலத்துக்கு மாத்திருவோம்," என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "மேனேஜர் ஒத்துக்குவாரா?"

மேனேஜர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் ஹால் மாஃபி, கிடையாது. வேற பார்ட்டி இருக்கு." நாங்கள் நகராமல் நிற்பதைப் பார்த்து, பின்பக்கக் கதவைத் திறந்தார். கடலுக்கும் ஹோட்டலுக்கும் நடுவே நல்ல அகலமான முற்றம். "குளிர்காலமல்லே, வெளியில போட்டுக்கலாம். பந்தலும் லைட்டும் நான் பார்த்துக்கறேன். பக்ஷே ஆள் கணக்கு வேணும், கேட்டோ!"

அன்றே புது அட்டை எழுதினேன். அச்சடிக்க நேரம் இல்லை. என் கையெழுத்திலேயே எழுதி, கடையில் நகல் எடுத்து, ஃபாக்டரி நண்பரின் காரிலேயே கொடுத்தனுப்பினோம்.

‘பூசை காலையில், விருந்து மாலையில். பூசைக்கு வர முடியாதவர்கள் டூட்டி முடிந்து விருந்துக்கு வந்தால் போதும். உங்களை அழைத்து வர சோனாப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் வண்டி வரும். எங்கே ஏறுவீர்கள், உங்களோடு எத்தனை பேர் என்று வியாழக்கிழமைக்குள் சொன்னால் உங்களுக்கு இடம் பிடித்து வைப்போம். டூட்டியால் வர முடியாவிட்டால் அதையும் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டோம். மிஸ்டு கால் கொடுத்தால் நாங்களே கூப்பிடுகிறோம். இந்த அட்டையை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.’

அதைப் படித்துவிட்டு அவர், "இதுல ‘வருவீங்களா’ன்னு எங்கயுமே இல்லியே," என்றார்.

"வண்டியில எடம் வேணும்னு சொல்லுகவங்க வராம இருப்பாங்களா?"

மறுநாளிலிருந்து அவர் போன் அடித்து அடித்து நின்றது. மெஷின் சத்தத்தில் கேட்காமல் விட்ட அழைப்புகளையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் திருப்பிக் கூப்பிட்டார். சோனாப்பூர் ரூமில் எல்லோரும் ஏறுவார்கள். பக்கத்து ரூமிலிருந்து எங்களுக்குத் தெரியாத இரண்டு பேரும் வரலாமா என்று கேட்டார்கள். வரலாம் என்றோம். ஷார்ஜா அக்காவும் பேசினாள். "எனக்கு ஒன் வண்டி வேண்டாம், எங்கிட்ட வண்டி இருக்கு. பின் சீட்டு காலியாத்தான் கெடக்கு, வேணும்னா ஆளு அனுப்பு. ஆமா, நாங்க நாலு பேரு, குறிச்சுக்கோ." குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசியாக வந்தது ராமநாதபுரத்துக்காரரின் போன்.

"தங்கச்சி, கோவிச்சுக்கக் கூடாது. என்னால வர முடியாது. ரெண்டு வருசம் கழிச்சு லீவு கெடைச்சிருக்கு, ஒங்க கல்யாணத்தன்னைக்கே பிளைட்டு. வருத்தப்பட மாட்டோம்னு எழுதியிருந்தீங்கள்ல, அதான் தைரியமாச் சொல்றேன்."

எங்களிடம் வர முடியாது என்று சொன்ன ஒரே தமிழர் அவர்தான். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று மனசாரச் சொன்னேன். ஊரில் எங்கள் வீட்டு விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை மேனேஜரிடம் கணக்கைக் கொடுத்தபோது அவர் ஏற இறங்கப் பார்த்தார். "தமிழ்க் கல்யாணத்துக்குச் சரியான நேரத்துல கணக்கா?"

கல்யாணத்தன்று மாலை எல்லோரும் வந்துவிட்டார்கள், சோனாப்பூர் வண்டியைத் தவிர. பிரியாணி தயாராகிவிட்டது. கடலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கோட்டு போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கும் முற்றத்துக்கும் நடந்தார். போன் செய்தால் எடுக்கவில்லை. ஷார்ஜா அக்கா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் குழுவைக் கூப்பிட்டுப் பாட ஆரம்பித்தாள். சோனாப்பூர் ஆட்கள் வரும்வரை யாரும் சாப்பாட்டைப் பற்றி நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று அவள் சொல்லாமலே புரிந்தது.

பாட்டுக்கு நடுவே ஹாரன் கேட்டது. கான்கிரீட் போட்டு முடிக்காமல் விடவில்லையாம். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை ஈரம் காயாமலே வரிசையாக இறங்கினார்கள். அந்த மூத்த அண்ணன் இவரைக் கட்டிப்பிடித்தபோது, புதுக் கோட்டின் தோளில் ஈரம் பட்டது. கடைசியாக வண்டி ஓட்டிவந்த, அவர்களுக்குப் பழக்கமான பெஷாவர்க்காரர் இறங்கத் தயங்கி நின்றார். மூத்த அண்ணன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "ஆவோ பாய், கணக்குல நீயும் இருக்க!" உண்மையாகவே இருந்தார். போனில் பேர் சொல்லும்போதே, ‘டிரைவர் பாய் ஒண்ணு, காரம் வேண்டாம்’ என்று அண்ணன் சொல்லியிருந்தார். மேனேஜர் அவருக்கென்று காரம் குறைத்து ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார்.

சாப்பாடு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை. கிளம்பும்போது ஷார்ஜா அக்கா என் காதில், "எம் மக நிச்சயதார்த்தத்துக்கும் நீதான் எழுதித் தரணும். கேக்காத மாதிரிக் கேக்கணும், என்ன?" என்றாள்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து, போன் கார்டு வாங்கி அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா குரலில் வழக்கத்தைவிடச் சந்தோஷம்.

"இன்னைக்குப் பூச முடிஞ்சு வந்தா, வாசல்ல ஒரு ஆளு பொண்டாட்டி பிள்ளையளோட நிக்காரு. ‘நான் கல்யாணத்துக்கு வர முடியாதுன்னு சொன்ன ஆளு’ங்காரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பெறவு ஒன் கையெழுத்துல எழுதுன தாள எடுத்துக் காட்டுனாரு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ராமநாதபுரத்துல இருந்து பஸ்ஸு மாறி வந்துருக்காங்க. மாப்பிள்ள அந்த ரூம்ல எப்படி இருந்தாரு, என்ன சமைப்பாரு, எல்லாம் சொன்னாரு. ஒங்கப்பா கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தாரு, அவர எந்திரிக்கவே விடல."

"சாப்பிட்டாங்களாம்மா?"

"சாப்பிடாம விடுவனா? ஒங் கல்யாணச் சோறுன்னு சொல்லித்தான் எல போட்டேன்."

கார்டில் காசு முடியப்போகிறது என்று ஒரு பெண் குரல் குறுக்கே சொன்னது. அம்மா அதைக் காதில் வாங்காமல், வந்தவருடைய சின்ன மகள் மீன் குழம்பு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட கதையைச் சொல்லிக்கொண்டே போனாள்.