குறை சொன்னால்தான் டீ

தவளக்குப்பத்தில் முதல் பஸ்ஸில் ஏறும்போதே பார்த்தேன், இடது பக்கக் கைப்பிடிக் கம்பியில் சுற்றியிருந்த நைலான் கயிறு பிரிந்து தொங்கியது. கீரைக்கூடையை இறக்கி வைத்ததும் கண்டக்டரிடம், "கயிறு அவுந்து கெடக்குது தம்பி, மேஸ்திரிகிட்ட சொல்லி வுடு" என்றேன்.

அவர் டிக்கெட் கிழித்த கையோடு நின்றுவிட்டார். "ஆயா, ஒனக்குச் சேதி தெரியாதா? மேஸ்திரி நேத்து சாயந்தரம் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னு பட்டறையிலயே ஒக்காந்தாராம். அவ்ளோதான்."

நான் இறங்குகிற உப்பளம் ஸ்டாப் வந்தபோது இறங்க மறந்தேன். இத்தனை வருஷக் கீரை வியாபாரத்தில் அப்படி மறந்தது அந்த ஒரு நாள்தான்.

கலியபெருமாள் மேஸ்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தட்டாஞ்சாவடியில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நீங்கள். எந்தத் தகரத்தை எங்கே வளைப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்கும் அவருக்கும் இருந்த வழக்கு வேறு. அதை நான்தான் எழுத வேண்டும்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். எங்கள் பஸ் முதலாளி புது வண்டி கட்டக் கொடுத்திருந்தார். மேஸ்திரி ஒரு நாள் ஸ்டாப்புக்கு வந்து, "யக்கா, தெனம் ஏறி எறங்குறவங்க நீங்கதான். தகரம் அடிக்கிறதுக்கு முன்னாடி பட்டறைக்கு வந்து ஏறிப் பாத்துச் சொல்லுங்க" என்றார். எங்களை அப்படி யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கீரைக்காரிகள் ஏழு பேரும் போனோம். எப்படிப் போனோம் தெரியுமா? கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையும் தலை நிறையப் பூவுமாகப் போனோம். கூடையை யாராவது விருந்துக்கு எடுத்துப் போவார்களா? செருப்பைக் கீழே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, கோயில் படி ஏறுவது போல ஏறினோம். டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார். "எப்படி இருக்குது?" என்று கேட்டார். ஏழு பேரும் ஒரே வாயாக "நல்லா இருக்குது மேஸ்திரி" என்றோம். நானும்தான் சொன்னேன்.

வண்டி ஓட ஆரம்பித்த மூன்றாம் நாள். தலையில் கூடை, அதை வலது கை பிடித்திருக்கிறது. கம்பியோ வலது பக்கம் மட்டும். படி முழங்கால் உயரம். நனைந்த கீரை கனக்கிறது, புடவை முட்டியில் இழுக்கிறது, இடது கை காற்றைப் பிடிக்கிறது. விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. அரைக்கீரையும் முளைக்கீரையும் கடலூர் ரோடு முழுக்கக் கிடக்க, அன்றைக்கு இருந்த கண்டக்டர், "ஏறத் தெரியாத கெழவிக்கு பஸ் எதுக்கு?" என்றார். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். அவருக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது.

நான்கு மாதம் கூடை தூக்க முடியவில்லை. மேஸ்திரி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் முகம் கொடுக்கவில்லை.

"நீ கட்டுன படிதான்யா என் கைய ஒடச்சது."

"நல்லா இருக்குதுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"விருந்தாளியாக் கூப்ட்டு டீ குடுத்துக் கேட்டா வேற என்னய்யா சொல்லுவாங்க? பொண்ணு பாக்கப் போன எடத்துல பஜ்ஜியில உப்பு இல்லன்னா சொல்லுவோம்?"

அவர் என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் கேட்ட வெதம் தப்பு" என்றார். அவ்வளவு வேலை தெரிந்த மனுஷன் ஒரு கீரைக்காரியிடம் சொன்ன வார்த்தை இது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "இனிமே செத்தாலும் ஒன் வேலைய நல்லா இருக்குதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன். "சொல்லாதீங்க, அதான் எனக்கும் வேணும்" என்று சிரித்தார். போகும்போது என்னுடைய பழைய புடவை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார். கை துடைக்கக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் விடியும்போது எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான சரோஜா ஓடி வந்தாள். "யக்கோவ், வந்து கூத்தப் பாரு!" ஸ்டாப்பில் மேஸ்திரி நிற்கிறார். பேன்ட்டுக்கு மேலே என் புடவையைச் சுற்றியிருக்கிறார். தலையில் சரோஜாவின் கூடை, தண்ணீர் சொட்டச் சொட்ட. பஸ் வந்தது. ஏறப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. இடது கை கம்பியைத் தேடியது. கழுத்து வழியாகத் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. "கட்டு எவ்ளோ மேஸ்திரி?" என்று ஒருத்தி கேட்டாள். "மொதல்ல கூடைய எறக்குங்கடி, அப்பறம் வெல சொல்றேன்!" என்று கத்தினார். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவர் பார்க்கிறாரா என்று பார்த்து வாயை மூடிக்கொண்டேன். ஒரு வாரம் அப்படித் தினமும் வந்தார்.

அதற்குப் பிறகு பட்டறையில் அவர் ஒரு சட்டம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஏறிப் பார்க்க வருகிறவர்கள் தொழிலுக்குப் போகிற கோலத்தில், சுமையோடு வர வேண்டும். "கொறை சொன்னாத்தான் டீ. நல்லா இருக்குதுன்னு சொல்றவங்களுக்குப் பச்சத் தண்ணி." பாவம் சரோஜா, மூன்று முறை பச்சைத் தண்ணீர் குடித்தாள்.

எனக்காக வீட்டுக்கே மரத்தில் ஒரு படி செய்து எடுத்து வந்தார். உயரம் என்றேன், அங்கேயே அறுத்தார். இன்னும் உயரம் என்றேன், மறுபடி அறுத்தார். ஒரு சாணும் நாலு விரலும் வந்தபோது என் முட்டி வலிக்காமல் ஏறியது. நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார்.

வண்டி திரும்பப் பட்டறைக்கு வந்தபோது அந்த அளவில் கீழே ஒரு படி சேர்ந்தது. இரண்டு பக்கமும் கம்பி வந்தது. டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சீட்டைக் கழற்றிக் கூடைக்கு இடம் விட்டார். சீட்டுக்காக முதலாளி சண்டை போட்டபோது, "அந்தச் சீட்டுல ஒக்காந்துட்டு ஒரு நாள் கூடைய மடியில வெச்சிட்டு வாங்க மொதலாளி" என்றாராம். முதலாளி வரவில்லை. சீட்டும் திரும்ப வரவில்லை.

கை சரியாகி நான் முதல்முறை ஏறிய காலையில் மேஸ்திரி எதிர் டீக்கடையில் நின்றிருந்தார். நான் விழுந்த அதே இடம். இன்றைக்கு ஏற முடியவில்லை என்றால் மகன் கையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதுதான். வலது கையில் கூடை, இடது கையில் கம்பி. யாரும் தூக்கிவிடாமல் ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். டீ கிளாஸ் அவர் கையில் அப்படியே இருந்தது, குடிக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும். நல்லா இருக்குது என்று சொல்ல முடியாது, சத்தியம் இருக்கிறது.

"கம்பி ஈரத்துல வழுக்குது!" என்று கத்தினேன்.

அந்த மனுஷன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் கம்பியில் கயிறு சுற்றியிருந்தது. அவர் கையாலேயே சுற்றியதாம். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும், "இன்னிக்கி என்னக்கா கொறை?" என்பார். நானும் தேடித் தேடி ஒன்று சொல்வேன்.

எடுக்கிற அன்று வந்திருந்தேன். அவரை ஏற்ற வந்த வண்டியின் தளம் மார்பு உயரம் இருந்தது. உங்களில் நான்கு பேர் தோள் கொடுத்தும் தூக்கி வைக்கத் திணறினீர்கள். பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. என் வாய் என்னைக் கேட்கவில்லை. "ஒரு சாண் எறக்கிக் கட்டியிருக்கக் கூடாதாய்யா இந்த வண்டிய?" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரிடம் வெல்டிங் பழகிய ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்து அந்தத் தளத்தை அளந்தார்.

அறுத்து அறுத்து அளவு பார்த்த அந்த மரப்படி என்னிடம்தான் இருக்கிறது. வாசலில் போட்டிருக்கிறேன். காலையில் கூடையோடு அதில்தான் இறங்குகிறேன், வெயிலில் வந்து அதில்தான் ஏறுகிறேன். இத்தனை வருஷத்தில் அதில் ஒரு குறையும் எனக்குக் கிடைக்கவில்லை. மேஸ்திரியிடம் நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.