விக்கிக்கொண்டு ஓடிய கார்

என் அக்கா ஹம்ஸாவுக்குக் கார் ஓட்டப் பிடிக்கும் என்பது அவளுடைய ஐம்பத்தெட்டாவது வயதில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அதுவரை இடது பக்க சீட்டில், மடியில் புளியோதரை டப்பாவோடு, அவள் கணவர் கோபு அத்திம்பேர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தவள். தப்பித் தவறிக் கியரில் கை பட்டால் போதும், "அது சமையல் கரண்டி இல்லே, ஹம்ஸா" என்பார். அத்திம்பேர் தங்கமான மனுஷர்தான். ஆனால் அந்தக் கார் விஷயத்தில் மகா கஞ்சர்.

ஒரு ஆயுத பூஜை முடிந்த கையோடு அவர் போய்ச் சேர்ந்தார். மறு சித்திரையில் அக்கா யாரிடமும் மூச்சு விடாமல் திருவானைக்கோயிலில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். லைசென்ஸ் வந்த பிறகுதான் எனக்கே சொன்னாள். நானும் அவளும் ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே அடுப்பில் காபி போடுகிறோம், இருந்தும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

விடியற்காலையில் கிளம்புவாள். கீழ உத்தர வீதியிலிருந்து மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், அந்தண்டை சிந்தாமணி வரை போய்த் திரும்பி வருவாள். கறிகாய் வாங்க மாட்டாள், யார் வீட்டுக்கும் போக மாட்டாள்.

"எதுக்குக்கா இந்தச் சுத்து?" என்றேன்.

"சும்மாதான்."

சும்மா போய்விட்டு வருகிறவள் முகம் இப்படியா இருக்கும்? நல்ல சொப்பனம் கண்டு எழுந்தவள் மாதிரி, பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வரும்.

ஐப்பசி மழையில் கார் விக்க ஆரம்பித்தது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி, எண்பத்தாறாம் வருஷத்துது. ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு குலுக்கு, ஒரு தும்மல், மறுபடி ஓடும். பாலக்கரை கிளமென்ட்தான் அத்திம்பேர் காலத்திலிருந்தே எங்கள் மெக்கானிக். இன்ஜினுக்குப் பக்கத்தில் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங் அடிக்குதுங்கம்மா. நாலுல ஒரு சிலிண்டர் அப்பப்ப லீவு போடுது" என்றார். பிளக் மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பாயின்ட் என்று எதையோ தேய்த்தார். அவர் ஷெட்டில் பட்டப்பகலில் வண்டி சமர்த்தாக ஓடும். மறுநாள் விடியலில் பாலத்துக்குப் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

மார்கழி பிறந்து பனி இறங்கிய ஒரு காலையில் பாலத்தின் நட்டநடுவில் நின்றே விட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறான். யாரோ இரண்டு பேர் தள்ளிக் கரை சேர்த்தார்கள். அவள் பையன் கேஷவ் புனேயிலிருந்து போனில் கத்தினான். "இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா வித்துடணும்மா. நோ ஆர்க்யூமென்ட்." நானும் அவன் கட்சிதான். அக்கா "சரி" என்றாள். அவ்வளவுதான், அன்றைக்குக் காபியைத் தொடவில்லை.

சாயங்காலம் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே சொன்னாள். "நாள் பூரா நான் யாருக்கோ அம்மா, யாருக்கோ மன்னி, யாருக்கோ மாமி. அந்தப் பாலத்து மேலே மட்டுந்தான்டி நான் ஹம்ஸா. அதையும் விக்கச் சொல்றேளே."

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை கிளமென்ட் மேல் போனில் காட்டினேன். "அதெப்படிய்யா? பாலக்கரையில ஆரோக்கியம், ஸ்ரீரங்கத்துல மட்டும் வியாதியா?"

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நல்லா கேட்டீங்கம்மா. இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?"

"பெருமாள்."

"பனி" என்றார் கிளமென்ட். "விடியக்காலம் நான் அங்க வரேன். வண்டியைத் தொடாம வெச்சிருங்க."

சொன்னபடி வந்தார், தலையில் மஃப்ளரோடு. பனியில் தெருவே இல்லை. ராஜகோபுரத்தின் உச்சி மட்டும் தரையோடு சம்பந்தம் இல்லாமல் மேலே எங்கேயோ நின்றது. கோயில் ஸ்பீக்கரில் வந்த பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. அக்கா சாவியைத் திருப்பினாள். வண்டி விக்கிக்கொண்டே உறுமியது. கிளமென்ட் பானட்டைத் தூக்கி நிறுத்தினார். "வாசல் லைட்டை அணைங்கம்மா. ரெண்டு பேரும் வந்து பாருங்க" என்றார்.

இருட்டுக்குள் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இன்ஜினுக்கு நடுவில் ஒரு நீலப் பொறி ஓடியது. ஒரு வெட்டு, அதோடு ஒரு விக்கல். மறுபடி நீலம், மறுபடி விக்கல். கண் பழகப் பழக அது போகிற பாதை தெரிந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கத்தில் இன்னொன்று, அடியில் இரண்டும் சேர்கின்றன. நெருப்பால் யாரோ திருமண் நாமம் இட்டு இட்டு அழிக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்கா, "ரங்கா!" என்று கை கூப்பிவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றோமோ, பனி முகத்தில் விழுந்துகொண்டே இருந்தது.

கிளமென்ட் மெதுவாக டார்ச்சை அடித்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அதிலிருந்துதான் நாலு பிளக்குக்கும் ஒயர் போகிறது. அதன் நெற்றியில் காய்ந்து அழுக்கேறிய இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணம். அத்திம்பேர் கடைசி ஆயுத பூஜையன்று இட்டது. ஊரெல்லாம் பானட்டில் சந்தனம் வைக்கும், இவர் மட்டும் உள்ளே கையை விட்டு, "கரண்ட் எல்லாம் இங்கேர்ந்துதானே புறப்படறது? இதுதான் சிரசு. சிரசுக்குத்தான் திருமண்" என்று வியாக்கியானம் பண்ணுவார்.

"வந்து... அது..." கிளமென்ட் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டார். "காஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணாதுங்கம்மா. பனி பட்டா ஈரம் ஊறிடுது. பிளக்குக்குப் போற கரண்ட் அது வழியா ஓடிடுது."

"பெருமாள் பேரைச் சொல்லி வண்டி நமக்கே நாமம் போட்டுடுத்துன்னு சொல்லுங்கோ" என்றேன்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலைங்க! மூடியை உள்ளே வெளியே எல்லாம் தொடச்சேன். இதை மட்டும் சுத்திச் சுத்தித் தொடச்சு விட்டுட்டேன். சாமி விஷயம்." வேறு மூடி மாட்டலாமென்றால் இந்த வண்டிக்கு இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு என்றார்.

அக்கா இன்ஜினை அணைத்தாள். "அப்போ தொடைச்சுடுங்கோ."

கிளமென்ட் துணியை அவளிடமே நீட்டினார். "மன்னிச்சுக்கங்கம்மா. சார் கையால வெச்சது. நான் தொட மாட்டேன்."

அக்கா டார்ச்சை வாங்கிக் குனிந்து பார்த்தாள். "வலது கோடு குட்டை பாரு, ப்ரியா. அவர் நெத்தியிலேயும் இப்படித்தான் இருக்கும். கண்ணாடியே பார்க்க மாட்டார்."

வண்டியை விற்கச் சொன்ன நானே அவள் கையைப் பிடித்தேன். "வேண்டாம்க்கா. விக்கினா விக்கிண்டு போகட்டும். கேஷவ்கிட்ட நான் பேசிக்கறேன்."

"இல்லேடி." அழுதுகொண்டே சிரித்தாள். "இருந்த வரைக்கும் என்னைத் தொட விடலே. போனப்புறமும் நடுவுல நின்னுண்டு வழி மறிச்சா நான் எப்போதான் ஓட்டறது?"

துணியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு விரலால் தொட்டாள். பனியில் ஊறியிருந்த சிவப்பு, கொஞ்சம் கிரீஸோடு, விரலில் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தாள். அத்திம்பேரை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து ஒன்றும் இட்டுக்கொள்ளாத நெற்றி அது. கிளமென்ட் மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மிச்சத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு விக்கல் இல்லாமல் பாலைக் காய்ச்சுகிற மாதிரி ஒரே சீராக ஓடியது. "ஏறுடி" என்றாள். ஏறினேன்.

வாசல் வாசலாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் பனிக்குள்ளிருந்து நிமிர்ந்து, முதலில் காரைப் பார்த்தார்கள், அப்புறம் அவள் நெற்றியைப் பார்த்தார்கள். அக்கா ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு ஓட்டினாள். நன்றாகப் பார்க்கட்டும்.