சபாபதி முதலாளி வண்டியின் சாவி

திருப்புட்குழி செல்லியம்மாள் பெற்றது ஐந்து, தங்கியது இரண்டு. மூத்தவர் காசிநாதன், கடைக்குட்டி மணியம்மாள். காசிநாதன் காஞ்சிபுரத்தில் செவிலிமேட்டுச் சாலையோரம் கொட்டகை போட்டுக் கார் ரிப்பேர் பார்த்தார். மணியம்மாளைக் கட்டிய அர்ஜுனன், பட்டு ஜவுளி முதலாளி சபாபதியிடம் அம்பாசடர் ஓட்டினான். அந்த வேலையைச் சொல்லி வாங்கித் தந்ததே காசிநாதன்தான்.

அறுபத்தெட்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ஸ்டீயரிங் இடது பக்கமே இழுக்கிறது என்று அர்ஜுனன் வண்டியைக் கொண்டுவந்தான். காசிநாதன் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். விழப்போகிற பல் மாதிரி ஆடிற்று. தேய்ந்த மூட்டு ஒன்றை மாற்றி, நேராக ஓடவைத்து அனுப்பினார்.

பூஜை முடிந்து பத்தாம் நாள், கல்யாணப் புடவைகளோடு வாலாஜாபாத் போன வண்டி வழியிலேயே இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. மாடு கட்டி இழுத்து வந்தார்கள். சபாபதி தெருவே பார்க்க அர்ஜுனன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மச்சான் ஸ்டீயரிங்கில் கை வைத்துக் கெடுத்தான், இவன் ஓட்டிக் கெடுத்தான் என்று டீக்கடை வரைக்கும் பேச்சைப் பரப்பினார். மணியம்மாள் அப்போது நிறைமாதம்.

சேதி கேட்டதும் காசிநாதன் கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் கிளம்பிவிட்டார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கல் அடித்து ஆயில் தொட்டி விண்டிருந்தது. உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை. ஆயில் இறங்கினால் சிவப்பு விளக்கு எரிந்திருக்குமே, கண் அவிஞ்சா போச்சு என்று அர்ஜுனன்மேல் பாய்ந்தார். எரியவே இல்லை என்று அவன் குலதெய்வத்தின்மேல் சத்தியம் பண்ணினான்.

காசிநாதன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால், விளக்கு இருக்கிற இடத்தில், அப்பிய சந்தனம் காய்ந்து கிடந்தது, அதன்மேல் குங்குமம். பூஜையன்று முதலாளி தம் கையாலேயே வைத்த பொட்டு. தானாக உதிரும்வரை யாரும் தொடக்கூடாது என்று கட்டளை வேறு.

"சாவியப் போட்டுத் திருப்புங்க மொதலாளி. ஸ்டார்ட் பண்ண வாணாம். இஞ்சின் ஓடாதப்போ அந்த வெளக்கு எரியணும்."

திருப்பினார். ஒன்றும் தெரியவில்லை.

"பாத்தியா, வெளக்கயும் கெடுத்து வச்சிக்கிற," என்றார் சபாபதி.

காசிநாதன் கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தார். பூஜைப் பொட்டில் கை வைக்கிறான் என்று சபாபதி வாய் திறப்பதற்குள், உள்ளே சிவப்பு எரிவதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"வண்டி கண்ண நீங்களே மூடி வச்சிட்டு, பாக்கலன்னு அவன வெரட்டுறீங்களா?"

சபாபதி சாவியை உருவி, விரல் பட்டுவிடாமல் அர்ஜுனன் கைக்கு மேலிருந்து போட்டார். அது தவறி மண்ணில் விழுந்தது. குனியப் போன அர்ஜுனனைக் காசிநாதன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"புடுங்கறப்போ கை பட்டுச்சே. குடுக்கறப்போ மட்டும் படாதா? எடுத்துக் கையில குடுங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில்கூடச் சத்தம் நின்றுபோயிற்று. கடைசியில் சபாபதிதான் குனிந்தார்.

இஞ்சினை நான்கு நாளில் ஓடவைத்தார் காசிநாதன். அந்த வீட்டுக் காபியை மட்டும் தொடவில்லை. சாகிறவரைக்கும், ஆயுத பூஜை கழிந்து எவர் வண்டி கொட்டகைக்கு வந்தாலும் சரி, சொந்தக்காரரையே கூப்பிட்டு விளக்கைத் துடைக்கச் சொல்லுவார். துடைத்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.